எக்ஸ்செஷன்-எரர்ஸ் கோப்பு வட்டை நிரப்புகிறது: வழிகாட்ட வேண்டுகிறேன்

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் மாணவர்கள் பயன்படுத்தும் கணினியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் இயங்குதளம், எக்ஸ்எஃப்சிஇ பணிமேடையுடனும் லைட்டிஎம் உள்நுழைவுத் திரையுடனும் இயங்குகிறது. அதன் பயனர் அடைவிலுள்ள ‘.எக்ஸ்செஷன்-எரர்ஸ்’ என்ற, நிரல்களின் பிழைச் செய்திகள் பதிவாகும் மறைகோப்பு பல ஜிபி அளவுக்கு வளர்ந்து, மாணவர்கள் தங்கள் பாடக் கோப்புகளைச் சேமிக்கக்கூட இடமில்லாமல் செய்துவிடுகிறது.

ஒவ்வொரு உள்நுழைவின்போதும் லைட்டிஎம் பழைய பதிவை ‘.ஓல்ட்’ என்று பெயர் மாற்றிப் புதிய கோப்பைத் தொடங்குகிறது. ஆனால் இங்கே ஒரே அமர்வு (உள்நுழைந்தது முதல் வெளியேறும்வரை) நாள்கணக்கில் ஓடுவதால் அது உதவவில்லை. கோப்பை அழித்தாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல்கள் மூடப்படும்வரை வட்டில் இடம் விடுபடாது என்பதால், ட்ரங்கேட் கட்டளையால் அதன் அளவைச் சுழியமாக்கி வருகிறேன்.

கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் டெய்ல் கட்டளையில் பார்த்தால் ஒரே எச்சரிக்கை வரி இடைவிடாமல் வருகிறது. அதில் நிரலின் பெயரோ செயல்முறை எண்ணோ இல்லை. கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையோ அமர்வின் ஏறத்தாழ எல்லா நிரல்களையும் காட்டுகிறது. இவற்றுள் எழுதிக்கொண்டே இருப்பது எது என்று, நிரலின் செயல்களைக் கண்காணிக்கும் எஸ்ட்ரேஸை ஒவ்வொன்றாக இணைத்துப் பார்க்காமல் கண்டறிய வழியுண்டா?

கோப்பை, எழுதுவதையெல்லாம் கைவிட்டுவிடும் ‘டெவ்-நல்’லுக்குத் திருப்ப எனக்கு விருப்பமில்லை, அமர்வு முறிந்தால் காரணம் அறிய அந்தப் பதிவுதான் வேண்டும். ஜிடிஎம் என்ற வேறு உள்நுழைவுத் திரை உள்ள மற்றொரு கணினியில் இக்கோப்பே இல்லை, செய்திகள் சிஸ்டம்டி ஜர்னல் என்ற அமைப்புப் பதிவேட்டுக்குச் செல்கின்றன. ஜர்னலுக்கு அளவு வரம்பு உண்டென்பதால் இங்கும் அவ்வாறே செய்ய எண்ணுகிறேன். லைட்டிஎம்மில் செய்திகளை ஜர்னலுக்கு அனுப்பும் சிஸ்டம்டி-கேட் கட்டளையை எந்த இடத்தில் சேர்ப்பது பாதுகாப்பானது என்று செய்து பார்த்தவர்கள் சொன்னால் மிகவும் நன்றியுடையவனாவேன்.