எருமை பருவத்தை கிடா உதட்ட வச்சு கண்டுபிடிக்கலாமா? 2 ஊசி வீணாப்போச்சு

கறவைக்காரன்_பவானி:
வணக்கம்ங்க. எங்ககிட்ட ஒரு முர்ரா எருமை, ரெண்டாவது ஈத்து, கன்னு போட்டு 5 மாசம் ஆச்சு. பருவத்துக்கு வர்றதே தெரிய மாட்டேங்குது, கத்தறதில்ல தாவறதில்ல, ஊமையாட்டம் நிக்குது. பெரியப்பா சொன்னாரு, பக்கத்து தோட்டத்து எருமைக் கிடா இதோட மூத்திரத்தை மோந்துட்டு தலையத் தூக்கி மேல் உதட்ட சுருட்டி ஈறைக் காட்டுச்சுன்னா பருவம்னு அர்த்தம்னு. நானும் நம்பி போன மாசம் 3-ம் தேதி ஒண்ணு, 14-ம் தேதி ஒண்ணு சினை ஊசி போட்டேன், ரெண்டும் நிக்கல. கிடா பொய் சொல்லுமாங்க?

மேச்சல்_தம்பி:
அண்ணா 3-க்கும் 14-க்கும் 11 நாள்தான். எருமைக்கு பருவச் சுத்து சுமாரா 21 நாள். கிடா ரெண்டு தடவையும் இளிச்சிருந்தாலும் ரெண்டும் பருவமா இருக்க வாய்ப்பே கம்மி. ஒண்ணாவது தப்பு, ரெண்டுமே தப்பாவும் இருக்கலாம்.

கால்நடை_சந்தேகம்:
கிடா பொய் சொல்லலைங்க, நீங்கதான் கேள்விய பதில்னு எடுத்துக்கிட்டீங்க. உதட்ட சுருட்டறது அது மூத்திரத்தை படிக்கிற விதம். மேல் ஈறுக்குப் பின்னாடி அண்ணத்துல ரெண்டு சின்ன ஓட்டை இருக்கு, அது வழியா மூத்திரத்துல இருக்கற வாசனைப் பொருள் ஜேக்கப்சன் உறுப்புக்கு, அதாவது மூக்குக்கு அடியில இதை உணர்ற தனி உறுப்புக்குப் போகுது, சும்மா மூக்குல இழுத்தா அங்க சரியா எட்டாது, அதனாலதான் அந்த இளிப்பு. பருவம் இல்லாத எருமை மூத்திரத்துக்கும் கிடா இளிக்கும், படிச்சுப் பார்த்துட்டு ஒண்ணுமில்லன்னா விட்டுட்டுப் போயிரும். பருவம்னா திரும்பத் திரும்ப மோக்கும், பின்னாடியே சுத்தும், தாடைய எருமை இடுப்பு மேல வச்சு அழுத்தும், தாவப் பார்க்கும். அதுக்கப்புறம் என்ன செய்யுதுங்கறதைத்தான் பார்க்கணும். ஆமா, அந்த கிடா கட்டியிருக்கா, அவுத்து விட்டிருக்கா?

கறவைக்காரன்_பவானி:
கட்டித்தாங்க இருக்கும். தண்ணி காட்ட ஓட்டிட்டுப் போறப்ப எருமை வண்டித்தடத்துல பேஞ்சிட்டுப் போகும், கிடா கயிறு எட்டுற அளவுக்கு வந்து மோக்கும்.

மேச்சல்_தம்பி:
அந்த தடத்துல வேற எருமை போகாதா?

கறவைக்காரன்_பவானி:
...மேக்கால தோட்டத்து எருமை மூணு போகும் 😶

மேச்சல்_தம்பி:
சரி, யாரோட கடுதாசிய யாரோ படிச்சிருக்காங்க 😂

எலிக்கூண்டு:
நான் மாட்டுக்காரன் இல்ல, லேப்ல எலி வளர்க்கறவன், ஆனா விஷயம் ஒண்ணுதான். பெண் எலிகளை மட்டும் கூட்டமா ஒரே கூண்டுல போட்டா பருவ சுத்து தாறுமாறாயிரும், ஆண் எலி மூத்திரம் ஊறின மரத்தூள அள்ளிப் போட்டா மூணாவது ராத்திரி நிறைய எலி ஒண்ணா பருவத்துக்கு வரும். 1956-ல விட்டன்னு ஒருத்தர் எழுதினது, எங்களுக்கு இன்னிக்கும் தினப்படி வேலையே அதுதான். ஆண் யானைக்கும் இதே கதைதான், பருவத்துக்கு வந்த ஆசியப் பெண் யானை மூத்திரத்துல ஆண் யானைய இழுக்கற ஒரு அசிடேட் வேதிப்பொருள் இருக்குன்னு 1996-ல ராஸ்முஸன் குழு கண்டுபிடிச்சாங்க, பல அந்துப்பூச்சிங்க இணை தேட விடறதும் அதே பொருள்தான்! அதுக்காக எலிக்கு 3 நாள்னு எருமைக்கும் எண்ணிடாதீங்க.

கால்நடை_சந்தேகம்:
நம்ம திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்துல அர்ச்சுனன் குழு எருமை மூத்திரத்தையே பிரிச்சுப் பார்த்து, பருவத்தப்ப 4-மெத்தில்பீனால்ங்கற வேதிப்பொருள் இருக்கறதையும் கிடா அதுக்கு சுறுசுறுப்பாகறதையும் எழுதியிருக்காங்க. ஆனா நம்ம மூக்குக்கு அதெல்லாம் ஆகாது, கண்ணை நம்புங்க. ராத்திரியும் விடியக்காலமும்தான் எருமை காட்டிக்கொடுக்கும். 4 மணிக்கு எந்திரிச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க: படுத்த இடத்துல கண்ணாடியாட்டம் வழும்பு, அடிக்கடி கொஞ்சங்கொஞ்சமா மூத்திரம், பால் திடீர்னு குறையறது. காலைல பார்த்தா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் பார்த்தா மறுநாள் காலைல. முதல்ல டாக்டர்கிட்ட கர்ப்பப்பைய சோதிச்சிடுங்க, 5 மாசங்கறது கொஞ்சம் நீளம், சுத்தே ஓடாமக்கூட இருக்கலாம். தாது உப்பு கலவை குடுக்கறீங்களா?

பாட்டி_வைத்தியம்:
மூத்திரத்துல நெல்லை ஊற வச்சா தெரியும்னு சொல்வாங்களே?

கால்நடை_சந்தேகம்:
அது சினை பார்க்கறதுக்கு, பருவத்துக்கு இல்ல. மூத்திரம் 1 பங்கு தண்ணி 14 பங்கு, சினை மாட்டு மூத்திரம்னா முளைப்பு அமுங்கும்பாங்க. செலவில்லாத சோதனைதான், ஆனா அதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீங்க.

கறவைக்காரன்_பவானி:
எல்லாருக்கும் நன்றிங்க. 23 நாள் கழிச்சு வர்றேன். டாக்டர் கைவிட்டுப் பார்த்து கர்ப்பப்பை நல்லாருக்குன்னாரு, தாது உப்பு ஆரம்பிச்சாச்சு. நேத்து விடியக்காலம் 4.30-க்கு தொழுவத்துல வழும்பு கிடந்துச்சு, அரைமணி நேரத்துல நாலு தடவை சொட்டு சொட்டா பேஞ்சுது. கிடா வீட்டுக்காரர்கிட்ட கேட்டு அதைக் கயித்தோட புடிச்சு பக்கத்துல கொண்டாந்தோம். இளிச்சுது, தாடைய வச்சுது, எருமை நகரவே இல்ல. தாவ விடாம இழுக்கறதுக்கு மூணு பேர் வேணும்னு ஆயிருச்சு. சாயங்காலம் ஊசி போட்டாச்சு. 21-ம் நாள் மறுபடி டார்ச்சோட உக்காரணும், சினை பார்க்க ரெண்டு மாசம் கழிச்சு வரச்சொல்லியிருக்காரு. பெரியப்பா மட்டும் இன்னும் "நான்தான் அன்னிக்கே சொன்னேனே"ங்கறாரு.