ஷாக் அப்சார்பர் மாற்றிய பிறகு பின்பக்கம் 'டொக் டொக்'

காரின் பின் ஷாக் இரண்டையும் போன வாரம் மாற்றினேன். அன்றிலிருந்து வேளச்சேரி உள்தெருக்களில் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் தட்டுகிறது, ஜிஎஸ்டி ரோட்டில் சத்தமே இல்லை. மெக்கானிக் எல்லாம் சரி என்கிறார். குழந்தைகளோடு போகவே பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி, ஜாக்கியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள் சார். அப்புறமும் தட்டினால் ஷாக்கின் மேல் நட்டுதான் என் சந்தேகம்: வண்டியை நிறுத்தி ஒருவர் டிக்கியை அமுக்கி அமுக்கி விட, நீங்கள் மவுண்டில் (ஷாக்கின் மேல் முனை பாடியில் மாட்டியிருக்கும் இடம்) கை வையுங்கள், தட்டுவது விரலில் தெரியும்.

பதில்: கீழ் போல்ட்டை வண்டி லிஃப்டில் தொங்கும்போதே முறுக்கினார்களா என்றும் கேளுங்கள். சக்கரம் தரையில் நின்று எடை இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு, இல்லையென்றால் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ் திருகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

கேட்டவர்: இடது மேல் நட்டு லூஸ் அண்ணா! இறுக்கியதும் சத்தம் நின்றது. கீழ் போல்ட்டை நாளை பார்க்கிறேன்.