டெட்ராய்ட்டில் ஒரு கச்சேரி வார இறுதி: பாழடைந்த தேவாலயங்களை எப்படிப் பார்ப்பது?

வடகரைவாசி (கேள்வி):

சனிக்கிழமை இரவு டெட்ராய்ட் சிம்பொனி கச்சேரிக்கு, உட்வர்ட் அவென்யூவிலுள்ள ஆர்க்கெஸ்ட்ரா ஹாலில் போக ஏற்பாடு. ஞாயிறு மாலை வரை நேரம் இருக்கிறது. ஹாலைச் சுற்றிய தெருக்களை வரைபடத்தில் பார்த்தால் இரண்டு விஷயம் கண்ணில் படுகிறது: கட்டடமே இல்லாத காலி மனைகள், அவற்றுக்கு நடுவே மிகப் பெரிய தேவாலயங்கள், பல மூடியவை. ஆட்கள் போனதால் ஆலயங்கள் மூடினவா, நம்பிக்கை போனதாலா? வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் போல நடந்துகொள்ளாமல் இதைப் புரிந்துகொள்ள எங்கே போவது, எதைக் கவனிப்பது? ஹாலில் எந்த இருக்கை நல்லது என்பதையும் சொல்லுங்கள்.

மேல்மாடம்:

ஹாலிலிருந்தே தொடங்குங்கள். உங்கள் கேள்வி முழுவதும் அந்த ஒரு மனைக்குள் இருக்கிறது. அங்கே முதலில் நின்றது ஒரு பிரஸ்பிட்டீரியன் தேவாலயம். இசைக்குழுவின் அப்போதைய நடத்துனர் ஒசிப் கேப்ரிலோவிச், குழுவுக்கு நல்ல அரங்கம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்ததால், அதை இடித்துவிட்டு 1919இல் சில மாதங்களிலேயே ஹாலை எழுப்பினார்கள். வடிவமைத்தவர் சி. ஹோவர்ட் கிரேன். 1939இல் பணமில்லாமல் இசைக்குழு வெளியேறியது. 1941இலிருந்து பத்தாண்டு அதே மேடை 'பாரடைஸ் தியேட்டர்'. ஜாஸ் கலைஞர்களான டியூக் எலிங்டனும் பில்லி ஹாலிடேயும் அங்கே நிகழ்ச்சி நடத்தினார்கள். கிழக்கே சில தெருக்கள் தள்ளியிருந்த 'பாரடைஸ் வேலி' கறுப்பினக் கடைவீதியின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். 1951இல் மூடிய பிறகு கூரை ஒழுகி, மேற்பூச்சு பெயர்ந்து விழத் தொடங்கியது. 1970இல் இடித்து உணவகம் கட்ட இருந்தார்கள். இசைக்குழுவின் பசூன் வாத்தியக்காரர் பால் கான்சன் ஆட்களைத் திரட்டித் தடுத்தார். இசைக்குழு திரும்பி வந்தது 1989இல். மீட்க ஏறத்தாழ இருபது வருடம்.

இருக்கை: சுமார் 2,000 இடங்கள். கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகளுக்கு மேலே மாடம் தாழ்வாக நீண்டிருக்கும். கூரையிலிருந்து திரும்பி வரும் ஒலி அங்கே எட்டாது, தந்தி வாத்தியங்கள் மங்கும். அதே காசுக்கோ குறைவாகவோ மேல்மாடத்தின் நடுப்பகுதி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஓசை கலந்து முழுசாக வரும். தாமதமாகப் போனால் முதல் உருப்படி முடியும்வரை வெளியேதான் நிற்க வேண்டும், அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். ஒரு படைப்பின் பகுதிகளுக்கு நடுவே கைதட்டுவது அங்கே வழக்கமில்லை. ஹாலுக்கு வெளியிலேயே கியூலைன் டிராம் நிறுத்தம் இருக்கிறது. உட்வர்ட் நெடுக 5.3 கிலோமீட்டர், கட்டணம் இல்லை.

டிராமில் தெற்கே போகும்போது செயின்ட் ஜான்ஸ் எபிஸ்கோபல், சென்ட்ரல் மெத்தடிஸ்ட் இரண்டையும் பாருங்கள். 1936இல் உட்வர்ட்டை அகலப்படுத்தியபோது முதலாவதை அப்படியே சுமார் 18 மீட்டர் பின்னுக்கு நகர்த்தினார்கள். இரண்டாவதன் நடுவிலிருந்து ஒன்பது மீட்டர் அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டு, முகப்பையும் கோபுரத்தையும் பின்னே தள்ளி ஒட்டினார்கள். காருக்கு வழிவிட ஆலயமே ஒதுங்கியது. அப்போது அதை யாரும் வீழ்ச்சி என்று சொல்லவில்லை, வளர்ச்சி என்றுதான் சொன்னார்கள்.

சுண்ணாம்புச்சாந்து:

மூடிய ஆலயங்களைப் பற்றி. கட்டடம் சாவது பெரும்பாலும் தண்ணீரால். ஆனால் தண்ணீரை உள்ளே விடுவது பண முடிவு. வரிசை இப்படி இருக்கும்: ஆயிரம் பேருக்குக் கட்டியது, ஞாயிறு வருவது அறுபது பேர். காணிக்கை குளிர்காலத்தில் நீராவிக் கொதிகலனுக்கே போதாது. கூரை வேலையை அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள். இலை அடைத்த மழைநீர்க் கால்வாய் நிரம்பி, தண்ணீர் சுவருக்குள் இறங்கும். மிச்சிகன் குளிரில் அது உறையும். உறையும் நீர் ஒன்பது சதவீதம் பருக்கும்; ஒரு குளிர்காலத்தில் இது பல முறை நடக்கும். சாந்து உதிரும், செங்கல்லின் முகம் உரியும். கதவு பூட்டியபின் செம்புத் தகடுகளையும் குழாய்களையும் திருடுவார்கள். அதன்பின் எல்லாம் வேகம்தான்.

நல்லெண்ணத்தில் செய்யும் தவறும் உண்டு. பழைய செங்கல் மென்மையானது, சுண்ணாம்புச் சாந்தால் கட்டியது. ஈரம் சாந்து வழியாக வெளியேறும். கெட்டியான சிமெண்டுக் கலவையால் இடுக்குகளைப் பூசிவிட்டால் ஈரத்துக்குச் செங்கல்தான் வழி, செங்கல்தான் உடையும். பூசிய கோடுகள் முழுசாக நிற்க, நடுவில் செங்கல் குழிந்திருந்தால் அதுதான் காரணம்.

தெருவில் நின்றே படிக்கலாம். மழைநீர்க் குழாய் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் கறையும் காலிக் கொக்கியும் இருந்தால் திருட்டு. சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஈரம். கைப்பிடிச் சுவரில் செடி முளைத்திருந்தால் மேலே பல வருடம் யாரும் ஏறவில்லை. வண்ணக் கண்ணாடி வயிறு தள்ளியிருந்தால் ஈயப் பட்டை தளர்ந்துவிட்டது. மாறாக, கூரையின் ஒரு பகுதி மட்டும் புதிதாக இருந்தால் யாரோ காசு சேரச் சேர வேலை செய்கிறார்கள் என்று பொருள். அந்தத் துண்டைத் தேடிப் பாருங்கள்.

உள்ளே மட்டும் நுழையாதீர்கள். அது அத்துமீறல் என்பது ஒருபுறம். ஊறிய பலகைத் தளம் மேலே பார்க்க நன்றாக இருக்கும், கால் வைத்தால் போய்விடும். குழாய் உறைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். பக்கத்தில் குடியிருப்பவர்கள் கேமராக்காரர்களை வெறுப்பதற்குக் காரணமும் உண்டு: அவர்கள் வீடு அந்தப் படத்தில் ஒருபோதும் வருவதில்லை.

பாக்லி தெருவில் மிச்சிகன் தியேட்டரை (1926) வெளியிலிருந்தாவது பார்த்துவிடுங்கள். அதை முழுசாக இடித்தால் ஒட்டியிருந்த அலுவலகக் கட்டடம் ஆட்டம் காணும் என்பதால், உள்ளே குடைந்து கார் நிறுத்துமிடம் ஆக்கினார்கள். அலங்கார விதானத்தின் கீழே கார்கள் நிற்கின்றன. ஹென்றி ஃபோர்ட் தன் முதல் வண்டியைச் செய்த கொட்டகை இருந்த மனையும் அதுவே.

வடகரைவாசி:

நன்றி. அப்படியானால் ஆட்கள் போனதுதான் காரணம், நம்பிக்கை போனதல்ல என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஒருகாலப்பூசை:

அவ்வளவு நேராக இல்லை. 1950இல் நகரில் 18,49,568 பேர், 2020இல் 6,39,111. முதலில் அவர்கள் ஏன் போனார்கள், யாருக்குப் போக முடிந்தது என்று பாருங்கள். ஆலைகள் ஒரே தளமாகப் பரப்பிக் கட்ட வெளியே இடம் தேடின. நெடுஞ்சாலை வந்தது. ஆனால் புறநகர் வீட்டுக் கடன் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. நகரின் வடக்கு எல்லையான 'எட்டு மைல் சாலை'க்குத் தெற்கே பிர்வுட் தெருவை ஒட்டி 1941இல் கட்டிய சுவர் இன்னும் நிற்கிறது: ஆறடி உயரம், அரை மைல் நீளம். ஒருபக்கம் கறுப்பினக் குடியிருப்பு, மறுபக்கம் வெள்ளையருக்கான புது மனைகள். பிரித்துக் காட்டினால்தான் அரசு அந்த மனைகளின் கடனுக்கு உத்தரவாதம் தரும் என்பதற்காகக் கட்டியது. இப்போது அதில் ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம்.

அதனால் ஆலயங்களும் ஒரே மாதிரி காலியாகவில்லை. ஹாலுக்குக் கிழக்கே கான்ஃபீல்ட் தெருவில் போலந்துக்காரர்கள் கட்டிய மூன்று ஆலயங்கள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன: செயின்ட் ஆல்பர்ட்டஸ், ஸ்வீட்டஸ்ட் ஹார்ட் ஆஃப் மேரி (1893), செயின்ட் ஜோசபட். பங்கு மக்கள் வெளியே குடிபெயர்ந்தார்கள். கட்டடத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. 1989 வாக்கில் மறைமாவட்டம் முப்பதளவு ஆலயங்களை மூடியது. ஆல்பர்ட்டஸ் 1990இல் பங்கு என்ற தகுதியை இழந்தது. ஒரு போலந்து-அமெரிக்க வரலாற்றுச் சங்கம் அதை வாங்கி, வருடத்தில் சில முறை மட்டும் திருப்பலி நடக்கவிட்டு, கூரையைக் காப்பாற்றி வருகிறது. நம் பக்கத்தில் ஒருகாலப் பூசையோடு நிற்கும் கோயில்கள் நினைவுக்கு வரும். விளக்கேற்ற ஒருவர் வருகிறார் என்பதால் மட்டுமே பிழைத்திருப்பவை.

கறுப்பினச் சபைகளின் கதை வேறு. அவர்கள் விட்டுப் போகவில்லை, பெயர்க்கப்பட்டார்கள். ஹேஸ்டிங்ஸ் தெருவையும் பாரடைஸ் வேலியையும் 1960 வாக்கில் கிறைஸ்லர் நெடுஞ்சாலைக்காக இடித்தார்கள். போதகர் சி. எல். ஃபிராங்க்ளினின் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் சபை ஹேஸ்டிங்ஸில்தான் இருந்தது. இடம் போனபின் 1963இல் லின்வுட்டில் குடியேறியது. அவர் மகள், பாடகி அரீத்தா, பாடி வளர்ந்த சபை அது. கட்டடம் போய்ச் சபை நின்றது ஒரு பக்கம், சபை போய்க் கட்டடம் நின்றது இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு விடை தெளியும். வெறும் இடிபாட்டை மட்டும் பார்த்தால் கடவுளே இந்த ஊரை விட்டுப் போனதாகத் தோன்றும். அது உண்மையல்ல. மவுண்ட் எலியட் தெருவிலிருக்கும் கப்பூச்சின் துறவிகளின் பணி 1929இலிருந்து பசித்தவருக்குச் சோறு போடுகிறது. சும்மா கிடந்த மனைகளில் அவர்களே காய்கறியும் பயிரிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம்மவர்கள் இருப்பது ட்ராய், நோவி, கேன்டன் போன்ற புறநகர்களில். கோயில்களும் அங்கேதான், பெரிய வண்டி நிறுத்துமிடத்தோடு. நாம் வந்து சேர்ந்த அந்த வசதியான நிலமும், நகரம் காலியானதும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள். குற்ற உணர்வு வேண்டாம், தெரிந்திருக்க வேண்டும்.

மேல்மாடம்:

ஞாயிறுக்கு ஒரு யோசனை. காலையில் செயின்ட் ஆன் பசிலிக்காவுக்குப் போங்கள். பங்கு தொடங்கியது 1701, இப்போதைய கட்டடம் 1886. கேப்ரியல் ரிச்சர்ட் பாதிரியாரின் கல்லறை உள்ளே இருக்கிறது. 1805இல் ஊர் முழுவதும் எரிந்தபின் அவர் எழுதிய லத்தீன் வரிதான் இன்றும் நகரக் கொடியில்: 'மேலானவை வரும் என நம்புகிறோம், சாம்பலிலிருந்து எழும்.' அங்கிருந்து மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையம் வண்டியில் சில நிமிடம். 1988இல் கடைசி ரயில் போனது. 2024 ஜூனில் கட்டடத்தை மறுபடி திறந்தார்கள்.

லின்வுட்டில் நியூ பெத்தேல் ஆராதனைக்கும் போவதென்றால், பசிலிக்கா, அது இரண்டையும் ஒரே காலையில் அடைக்காதீர்கள். பாப்டிஸ்ட் ஆராதனை இரண்டு மணி நேரத்தைத் தாண்டும். புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லி வரவேற்பார்கள். எழுந்து, ஊர்ப் பெயர் சொல்லி, நன்றி சொல்லி உட்காருங்கள். காணிக்கைத் தட்டு ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரலாம், சில்லறை நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். பாடும்போது கைபேசியைத் தூக்காதீர்கள். ஆராதனை நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். சனிக்கிழமையே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.