டிஎல்எல் பக்கத்திலேயே இருக்கிறது, விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளவே இல்லை

நண்பர்களே, பாட்டிலிருந்து குரலை மட்டும் பிரிக்கும் விஎஸ்டி3 ப்ளகின் (இசை மென்பொருளுக்குள் இயங்கும் துணை நிரல்) ஒன்று எழுதியிருக்கிறேன், உள்ளே ஆனக்ஸ் ரன்டைம் (ஏஐ மாடல்களை ஓட்டும் லைப்ரரி) ஓடுகிறது. என் கணினியில் ஜோராக வேலை செய்வது, நண்பரிடம் கொடுத்தால், அவருடைய ஹோஸ்ட் (ப்ளகினை ஏற்றும் இசை மென்பொருள்) ப்ளகின்களைச் சோதிக்கும் ஸ்கேனிலேயே விழுந்துவிடுகிறது.

ஆனக்ஸ் ரன்டைமின் டிஎல்எல்லை (நிரல் ஓடும்போது ஏற்றப்படும் லைப்ரரி கோப்பு) ப்ளகின் கோப்பு இருக்கும் அதே ஃபோல்டரில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அவருடைய ஹோஸ்ட் ஏற்றும் விதத்தில், விண்டோஸ் முதலில் தேடுவது ஹோஸ்டின் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில், அடுத்து விண்டோஸின் சொந்த ஃபோல்டரான சிஸ்டம்32-இல். அங்கே விண்டோஸோடு வந்த பழைய ஆனக்ஸ் ரன்டைம் ஒன்று அதே பெயரில் உட்கார்ந்திருக்கிறது! அதை எடுத்துக்கொண்டு, ஏபிஐ (நிரல் லைப்ரரியை அழைக்கும் முறை) பதிப்பு பொருந்தவில்லை என்று கிராஷ்.

சிஸ்டம்32-இல் நம்முடையதைப் போடு என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். விசி ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை (சி++ நிரல்களுக்கு வேண்டிய மைக்ரோசாஃப்ட் லைப்ரரிகள்) இன்ஸ்டாலரிலேயே சேர்த்துவிட்டேன், அது பிரச்சினை இல்லை. மேக்கில் லோடர்பாத் (ப்ளகின் இருக்கும் இடத்தை வைத்தே லைப்ரரியைத் தேடச் சொல்லும் பாதை) கொடுத்து, மறுபடி கையொப்பமிட்டதும் சரியாகிவிட்டது.

இப்போது விண்டோஸில் டிலே லோட் (டிஎல்எல்லைத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றுவது) போட்டு, டிஎல்எல்லை ஏற்றும் லோட்லைப்ரரி ஃபங்ஷனை முழுப் பாதையோடு நானே அழைக்கலாம் என்று யோசனை. ஆனால் வேறொரு ப்ளகின் அதே பெயரில் ஒன்றை முன்பே ஏற்றியிருந்தால்? அதற்குப் பேசாமல் டிஎல்எல்லின் பெயரையே மாற்றி பில்ட் செய்துவிடலாமா? செய்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.