பார்ட் டைம் வருமானத்தை ஓய்வுக் கணக்கில் சேர்க்கலாமா?

பனங்காற்று:
ஓய்வுக்கு 3 வருஷம் இருக்கும்போது போடுகிற எக்செல்லில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: "ஓய்வுக்குப் பிறகு பார்ட் டைம், செலவில் 40 சதவீதம் வரும்." அந்த வரியை நம்பலாமா கூடாதா என்பதுதான் இந்த இழையின் கேள்வி. நம்பலாம் என்பது என் கட்சி.

பேச வசதியாக வருஷச் செலவை 100 என்று வைப்போம். எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி. கையில் 2500, அதாவது செலவைப் போல் 25 மடங்கு. முதல் வருஷம் 4 சதவீதம் எடுப்பது, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொள்வது. 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் எழுதிய கணக்கு இது. 1926 முதலான அமெரிக்கச் சந்தை விவரத்தை வைத்து, 30 வருஷம் தாங்குமா என்று பார்த்தார். அங்கே கவனிக்க வேண்டியது 4 என்ற எண் இல்லை (பின்னாளில் அவரே 4.7 வரை உயர்த்திவிட்டார்). சராசரி லாபம் ஒன்றாகவே இருந்தாலும், அடி முதல் சில வருஷங்களில் விழுந்தால் பணம் சீக்கிரம் தீர்கிறது. ஆக, முதல் 5 வருஷம் கொஞ்சம் குறைவாக எடுத்தாலே பெரிய காப்பு. பார்ட் டைம் வேலை கொடுப்பது அதைத்தான்.

கணக்குப்பிள்ளை:
எவ்வளவு பெரிய காப்பு என்று எண்ணில் பார்ப்போமே. விலைவாசியை ஒதுக்கிவைத்து, வருஷத் தொடக்கத்தில் பணம் எடுப்பதாகக் கொள்கிறேன். சந்தை முதல் வருஷம் 20 சதவீதம் இறக்கம், இரண்டாவது 10 சதவீதம் இறக்கம், மூன்றாவது அசையவில்லை.

வேலை இல்லாதவர் 100 எடுக்கிறார்: 2500 → 1920 → 1638 → 1538.
பார்ட் டைமில் 40 சம்பாதிப்பவர் 60 எடுக்கிறார்: 2500 → 1952 → 1703 → 1643.

மூன்று வருஷ உழைப்புக்கு வித்தியாசம் 105. நான்காம் வருஷம் வேலை போனால் இவரும் 100 எடுக்க வேண்டும். அது கைப்பணத்தில் 6.1 சதவீதம். சும்மா இருந்தவருக்கு 6.5. இரண்டுமே ஆபத்தான எல்லைதான்.

இப்போது மூன்றாவது ஆள். ஓய்வை ஒரே ஒரு வருஷம் தள்ளிப்போட்டு, முழு சம்பளத்தில் இருந்து 30 மிச்சம் பிடிக்கிறார். அதே 20 சதவீத இறக்கத்தில் 2500 என்பது 2000 ஆகிறது, 30 சேர்ந்து 2030. வேலையை விட்டவர் அந்த வருஷ முடிவில் 1920. ஒரே வருஷத்தில் 110 வித்தியாசம். பார்ட் டைம்காரர் மூன்று வருஷத்தில் சேர்த்தது இதைவிடக் குறைவு. போதாததற்கு, பணம் தாங்க வேண்டிய காலத்திலும் ஒரு வருஷம் குறைந்துவிட்டது.

பனங்காற்று:
மூன்றாம் வருஷத்தோடு பட்டியலை நிறுத்திவிட்டீர்களே சார். நான்காம் வருஷம் 25, ஐந்தாம் வருஷம் 10 சதவீதம் ஏறட்டும். சும்மா இருந்தவர் 1867-இல் நிற்பார், பார்ட் டைம்காரர் 2110-இல். எடுக்காமல் விட்ட 200 இப்போது 243. அந்தப் புள்ளியில் 100 எடுத்தால் 5.4-க்கு எதிராக 4.7 சதவீதம். இந்த இடைவெளி சின்னதா?

இன்னொன்று, ஓய்வைத் தள்ளிப்போடுவது எல்லோர் கையிலும் இல்லை. ஓய்வு வயது எழுத்தில் இருக்கிற வேலையில் நீட்டிப்பு என்பது நிர்வாகம் நினைத்தால்தான்.

திண்ணை:
இடையில் ஒரு கணக்கு. முழுநேர வேலை, போக்குவரத்தோடு சேர்த்து வாரம் 50 மணி, வருஷத்துக்கு 48 வாரம்: 2400 மணி. பார்ட் டைம் வாரம் 15 மணி, மூன்று வருஷம்: 2160 மணி. முதலாவதில் 110, இரண்டாவதில் 105. உழைப்புக்குக் கிடைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான், சண்டை எதற்கு என்று புரியவில்லை.

எனக்குக் கவலை அந்த 50 மணிநேரத்தைப் பற்றி. வேலை நின்ற மறுவாரம் அது அப்படியே காலியாகிறது. 15 மணி வேலை போட்டாலும் 35 மிச்சம். அதற்கு எக்செல்லில் வரியே இல்லை. "தோட்டம், வாசிப்பு, பயணம்" என்று எழுதி வைப்பார்கள். தோட்டத்துக்கு வாரம் 5 மணி போதும். பயணம் வருஷத்தில் சில வாரம்தான். மீதி நேரத்தில் போனும் டிவியும் உட்கார்ந்துகொள்ளும்.

கணக்குப்பிள்ளை:
திண்ணை, 40 முழுசாகக் கைக்கு வரும் என்று வைத்ததால்தான் கணக்கு சமமாகத் தெரிகிறது. வராது. சம்பளக்காரராக இருந்தவரை லேப்டாப், மென்பொருள் உரிமம், பயணம், இன்ஷூரன்ஸ் எல்லாம் நிறுவனத்தின் செலவு. தனி ஆளாக ஆலோசனை சொல்லப் போனால் அத்தனையும் உங்கள் பையிலிருந்து. வரியையும் நீங்களே ஒதுக்கி வைத்துக் கட்ட வேண்டும். 40 கேட்டால் 28, 30 மிஞ்சினால் சரி. பில் கொடுத்து 60 முதல் 90 நாள் கழித்துத்தான் பணம் வரும். அதுவரை சேமிப்பிலிருந்துதான் சாப்பாடு.

இதைவிட முக்கியம், பழைய நிறுவனத்தையே நம்பிய ஆலோசனை வேலை தானாக வற்றிவிடும். உங்களைக் கூப்பிடுகிறவர் உங்கள் பழைய சகா. அவரும் ஓய்வு பெறுவார், அல்லது துறை மாறுவார். புதிதாக வருகிறவருக்கு உங்கள் பெயர் தெரியாது. இதற்கிடையில் மென்பொருள் இரண்டு பதிப்பு மாறியிருக்கும், சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். போட்டி நிறுவனத்துக்குக் குறிப்பிட்ட காலம் வேலை செய்யக் கூடாது என்ற ஷரத்து பழைய ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று ராஜினாமாவுக்கு முன்னால் படித்துப் பார்ப்பவரும் குறைவு.

பனங்காற்று:
வற்றும் என்பது சரி. அதற்காகக் கிணறே வெட்டக் கூடாதா? வேலையில் இருக்கும்போதே, ஓய்வுக்கு 18 மாதம் முன்பாவது, பழைய நிறுவனத்துக்கு வெளியே ஒரு வாடிக்கையாளர் வேண்டும் (இப்போதைய ஒப்பந்தம் அனுமதித்தால்). ஒரே ஒருவர், சின்ன வேலை, ஆனால் காசு வாங்கிச் செய்தது. இலவசமாகச் செய்து கொடுத்தால் அந்த வேலைக்கு விலை உண்டா என்றே தெரியாது. ஓய்வுக்குப் பிறகு மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே ஆளிடமிருந்து வரக் கூடாது. பாடம் எடுக்கிற வேலையானால் ஒரு மணி வகுப்புக்குப் பின்னால் தயாரிப்பும் திருத்தமுமாக இரண்டு மணி இருக்கிறது. மூன்றால் வகுத்தபிறகு சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள்.

சொல்ல விட்டது ஒன்று. 2500-ஐ மூன்றாகப் பிரிப்பது வழக்கம்: 200 ரொக்கம், 300 தேவைப்படும் வருஷத்தில் முதிர்கிற வைப்புநிதி அல்லது கடன் பத்திரம், மீதி 2000 ஈக்விட்டி (நிறுவனப் பங்குகள்) கலந்தது. 100 எடுத்தால் ரொக்கம் 24 மாதத்தில் காலி. 60 எடுத்தால் 40 மாதம். இறங்கிய சந்தையில் விற்காமல் காத்திருக்க இன்னும் 16 மாதம் கிடைக்கிறது. நீங்கள் போட்ட பட்டியலில் இது வராது, ஏனென்றால் அதில் எல்லாப் பணமும் ஒரே பானையில் கிடந்தது.

கணக்குப்பிள்ளை:
16 மாதக் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்று பானை முறை எங்கே உடையும் என்றும் சொல்லுங்கள். ரொக்கப் பானையை மறுபடி நிரப்பும் இடத்தில்தான். வருஷத்துக்கு ஒரு தேதி குறித்துக்கொள்ள வேண்டும். ஈக்விட்டி ஏறியிருந்தால் ஒரு வருஷச் செலவை விற்று ரொக்கத்தில் போட வேண்டும். இறங்கியிருந்தால் அதைத் தொடாமல் இரண்டாவது பானையிலிருந்து எடுக்க வேண்டும். இறங்கும்போது விற்காமல் இருப்பது எல்லோருக்கும் வருகிறது. ஏறும்போது விற்கத்தான் மனசு வராது, "இன்னும் கொஞ்சம் ஏறட்டும்". அப்படி இரண்டு வருஷம் விட்டால் இரண்டு பானையும் சேர்ந்து காலியாகும்.

சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் அந்த 40 எந்த வரிக்கு எதிரே எழுதப்படுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். செலவு 100-இல் வீடு, சாப்பாடு, மருந்து, இன்ஷூரன்ஸ் 65 என்று வையுங்கள். பயணம், பரிசு, பொழுதுபோக்கு 35. அந்த 65-க்கு எதிரே பென்ஷன், ஆன்யூட்டி (மொத்தமாகப் பணம் கட்டி மாதாமாதம் திரும்ப வாங்குவது), வைப்புநிதி வட்டி மட்டும்தான் நிற்கலாம். பார்ட் டைம் 35-க்கு எதிரே. வேலை போனால் பயணம் போகும், மருந்து போகாது. பார்ட் டைமைக் காட்டி 2500-ஐ 2000 ஆகக் குறைப்பவர், மருந்துக்கு எதிரே அதை எழுதுகிறார்.

வாசற்படி:
40 வந்தாலும் 40 செலவாகும். சம்பாதிக்கிறோமே என்று 35 என்பது 60 ஆகிவிடும். அதையும் எழுதுங்கள்.

திண்ணை:
மீதி 35 மணிக்கு வருகிறேன். சேவை அமைப்புகளில் "நேரம் கிடைக்கும்போது வருகிறேன்" என்று சொன்னவர் வருவது மெல்ல நின்றுபோகும். நிலைக்க வேண்டுமானால் கிழமை, மணி, ஒரு பொறுப்பு மூன்றும் வேண்டும். செவ்வாய் 10 முதல் 1 வரை நூலகத்தில் புதுப் புத்தகங்களுக்கு எண் போடுவது என் வேலை, நான் வராவிட்டால் அது நிற்கும் என்கிற மாதிரி. அப்படி வாரத்துக்கு இரண்டு இருந்தால் போதும், மற்ற நாட்கள் அதைச் சுற்றி ஒழுங்காகிவிடும். ஐந்து நாளும் ரொப்பினால் அதுவே ஆபீஸ்.

பொழுதுபோக்கைத் தொழிலாக்குவதிலும் எச்சரிக்கை வேண்டும். முழுசாகப் போனாலும் தூக்கம் கெடாத அளவுக்குத்தான் முதல் போட வேண்டும். 2500-இல் 50, அதாவது ஆறு மாதச் செலவு, அதற்கு மேல் வேண்டாம். நேரம் போக வேண்டும் என்று தொடங்கிய கடைக்கு மொத்தப் பணத்தையும் போட்டுவிட்டால், பணத்துக்காகக் கடையில் உட்கார வேண்டிவரும். எந்தக் கடனுக்கும் ஜாமீன் கையெழுத்தும் வேண்டாம்.

வாசற்படி:
மருத்துவ இன்ஷூரன்ஸ்?

கணக்குப்பிள்ளை:
வேலையில் இருக்கும்போதே தனியாக எடுத்துவிட வேண்டும். நிறுவனத்தின் குழு பாலிசி வேலையோடு முடிவதுதான் வழக்கம். தனி பாலிசிகளில் ஏற்கனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கலாம். அந்தக் காலம் குழு பாலிசி இருக்கும்போதே கழிய வேண்டும். விண்ணப்பத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள், கிளெய்ம் நிராகரிக்க அதுவே காரணமாகும்.

மருத்துவச் செலவுக்குத் தனி விலைவாசி விகிதம் போடுங்கள். 72-ஐ விகிதத்தால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் இரட்டிக்கும் என்று தெரியும். மற்ற செலவு 4 சதவீதத்தில் 18 வருஷம், மருத்துவம் 9 சதவீதம் என்றால் 8 வருஷம். இரண்டையும் ஒரே வரியில் கலந்தால் 75 வயதில் பட்டியல் கிழியும்.

பனங்காற்று:
100 என்ற எண்ணே சரியா என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. அதுதான் எல்லாவற்றுக்கும் அடி. சம்பளம் வரும்போதே அதில் மாதம் 8.3 மட்டும் வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றி, வீடு அதில் ஓடுகிறதா என்று பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
எத்தனை மாதம்? மூன்று மாத ஒத்திகை பொய் சொல்லும். சொத்து வரி, இன்ஷூரன்ஸ் பிரீமியம், வண்டிப் பராமரிப்பு எல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை வருவது, அந்த மூன்று மாதத்தில் விழாமலே போகும்.

பனங்காற்று:
12 மாதம். அதோடு, வாஷிங் மெஷினும் கூரையும் அந்த 12 மாதத்தில் கெட்டுப்போகாது என்பதால், 10 வருஷத்தில் மாற்ற வேண்டிய பொருட்களின் விலையைக் கூட்டிப் பத்தால் வகுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.