குவாரி நிறுவனம் வாங்கிய கைநாட்டு, மக்களின் ஒப்புதல் ஆகுமா?

கேள்வி (தேன்கனிக்கோட்டை):
எங்கள் பகுதியில் கிரானைட் குவாரி தொடங்க விரும்பும் நிறுவனமொன்று, இருளர் குடியிருப்பில் மரக்கன்றுகளும் நோட்டுப் புத்தகங்களும் கொடுத்துவிட்டு, வருகைப் பதிவேடு என்று சொல்லிப் பெரியவர்களின் கைநாட்டை வாங்கிச் சென்றிருக்கிறது. இதை ஒப்புதலாகக் காட்ட முடியுமா?

பதில் 1 (கிருஷ்ணகிரி):
முடியாது, ஐயா. வன நிலமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிராம சபையின் குரலுக்கு இடமுண்டு. ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் சுரங்கம் குறித்துக் கிராம சபைகளே ஆராய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் கூறியபின், கூடிய 12 சபைகளும் திட்டத்தை மறுத்தன.

பதில் 2 (அரூர்):
ஒன்றைச் சேர்க்கிறேன். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி (பழங்குடியினருக்காக அரசியலமைப்பின் கீழ் அறிவிக்கப்படும் பகுதி) இல்லை; எனவே அத்தகைய பகுதிகளில் தனியாருக்குச் சுரங்கக் குத்தகை தருவதைத் தடுத்த உச்ச நீதிமன்றத்தின் 1997 சமதா தீர்ப்பு தரும் பாதுகாப்பை இங்கே அப்படியே கோர இயலாது. அதனால்தான், எங்கள் சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரானாலும் உங்கள் இருளர்களானாலும், வன உரிமைச் சட்டப்படி சமூக வன உரிமைக் கோரிக்கையை (காட்டின் மீது ஊருக்குப் பொதுவாக உள்ள உரிமையைக் கேட்கும் மனுவை) முன்கூட்டியே பதிவு செய்வது மிகமிக அவசியம். குவாரியின் சுற்றுச்சூழல் அனுமதிக்காகப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், வெடி வைக்கும் நேரம், கிணற்று நீர்மட்டம், குழியை மூடும் பொறுப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி, அதுவரை யாரும் கலைந்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கோரிக்கை மனுவை இந்த வாரமே எழுதத் தொடங்குகிறோம்.