32 பிட்டில் 4 ஜிபிக்கு மேல் முடியவே முடியாதா?

சுற்றுப்பலகை:
கயல் நேற்று ஓர் எளிய கேள்வி கேட்டிருந்தார். வீட்டுக் கணினியில் ரேமை 8 ஜிபி ஆக்கியிருக்கிறார். 32 பிட் விண்டோஸ் 10 ஓடுகிறது. அமைப்புகளில் போய்ப் பார்த்தால் 3.25 ஜிபிதான் பயன்படுத்தலாம் என்று காட்டுகிறது. 64 பிட்டுக்கு மாறினால் சரியாகுமா என்பது கேள்வி. அதற்கு மின்பொறி தந்த பதில்: "32 பிட் என்றால் நினைவக முகவரிக்கு 32 இரும இலக்கம். 2இன் 32ஆம் அடுக்கு பைட், அதாவது 4 ஜிபி. எந்த 32 பிட் இயங்குதளமும் அதற்கு மேல் ரேமைப் பார்க்கவே முடியாது. இது கணிதம், விவாதம் தேவையில்லை."

விவாதம் தேவைதான், ஏனென்றால் சொன்னது தவறு. இன்டெல் 1995இல் பென்டியம் புரோ ப்ராசஸரிலேயே பிஏஇ என்ற முகவரி நீட்டிப்பு வசதியைக் கொண்டுவந்துவிட்டது. அதில் நினைவக முகவரி 36 பிட், அதாவது 64 ஜிபி வரை போகலாம். விண்டோஸ் சர்வர் 2003 எண்டர்பிரைஸின் 32 பிட் பதிப்பு 4 ஜிபியைத் தாண்டி எவ்வளவோ ரேமை எடுத்துக்கொண்டது. வீட்டுப் பதிப்பை 4 ஜிபியில் நிறுத்தியது மைக்ரோசாஃப்ட். பழியைக் கணிதத்தின் தலையில் போடாதீர்கள்.

மின்பொறி:
வந்துவிட்டார். எஸ்எஸ்டி பற்றிய விவாதத்திலும் இப்படித்தான், கேட்டவருக்கு உதவாத ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் சோர்வடைய வைத்தார். ஐயா, கயல் வீட்டில் சர்வரா வைத்திருக்கிறார்? அவர் திரையில் தெரிவது 3.25. அதற்கான பதிலைச் சொன்னேன்.

சுற்றுப்பலகை:
"எந்த 32 பிட் இயங்குதளமும்" என்று எழுதியது நீங்கள்தானே? சர்வர் 2003 எண்டர்பிரைஸ் இயங்குதளம் இல்லையா? எஸ்எஸ்டி விஷயத்திலும் நான் சொன்னதுதான் சரி, அதை இங்கே இழுக்க வேண்டாம்.

பெங்குவின்:
இரண்டு பேரும் விண்டோஸைத் தாண்டி யோசிக்க மாட்டீர்களா? 32 பிட் லினக்ஸில் பிஏஇ கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) போட்டால் 8 ஜிபியும் அப்படியே தெரியும். சாதாரண வீட்டுக் கணினியில், எந்த உரிமத் தடையும் இல்லாமல். அந்த வகையில் சுற்றுப்பலகை சொல்வது சரி.

மின்பொறி:
தெரியும், சரி. ஒரு நிரலுக்கு எவ்வளவு கிடைக்கும்? அதை ஏன் யாரும் பேசுவதில்லை? 32 பிட் விண்டோஸில் ஒரு நிரலுக்கு 2 ஜிபி முகவரி, பூட் அமைப்பை மாற்றினால் 3. லினக்ஸிலும் வழக்கமான பிரிப்பில் 3தான், மீதி 1 ஜிபி கெர்னலுக்கு. 64 ஜிபி ரேம் போட்டாலும் ஒரு பெரிய வீடியோ எடிட்டர் அந்தச் சுவரில்தான் முட்டும். அந்தச் சுவர் 2இன் 32ஆம் அடுக்கிலிருந்து வருகிறது. கணிதம்.

சுற்றுப்பலகை:
பார்த்தீர்களா, இப்போது "ஒரு நிரலுக்கு" என்று வந்துவிட்டது. முதலில் எழுதியது "ரேமைப் பார்க்கவே முடியாது". நிரலின் முகவரி வேறு, கணினியில் இருக்கும் ரேம் வேறு. இதைக் கலக்காதீர்கள் என்பதுதான் நான் முதலிலிருந்து சொல்வது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பிஏஇ இல்லாத ப்ராசஸரில் விண்டோஸை நிறுவவே முடியாது. அதாவது கயலின் 32 பிட் விண்டோஸ் 10 இந்த நிமிடமும் பிஏஇ முறையில்தான் ஓடுகிறது! 8 ஜிபியையும் தொடக்கூடிய வசதியை உள்ளே வைத்துக்கொண்டே 4க்கு மேல் தொடாமல் இருக்கிறது. ஏன்? மைக்ரோசாஃப்ட்டின் மார்க் ருசினோவிச் 2008இலேயே எழுதியிருக்கிறார்: 4 ஜிபிக்கு மேல் உள்ள முகவரிகளைக் கொடுத்தபோது வீட்டுக் கணினிகளுக்கான டிரைவர்கள் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்கள்) பல குழம்பிப்போய்க் கணினி விழுந்தது, அதனால் அந்தப் பதிப்புகளில் அடைத்துவிட்டார்கள். டிரைவர் எழுதியவர்களின் அலட்சியத்துக்கு நாம் விலை கொடுத்தோம். இதைக் கணிதம் என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. வீட்டில் கணினி வைத்திருப்பவருக்கு உண்மைக் காரணம் தெரிய வேண்டாமா?

கயல்:
எனக்காக இவ்வளவு பேசுகிறீர்கள், நன்றி. என்னிடம் ஒரு பழைய ஸ்கேனர் இருக்கிறது. 64 பிட்டுக்குப் போனால் அது வேலை செய்யுமா? புதிதாக உரிமம் வாங்க வேண்டுமா?

பெங்குவின்:
கயல், லினக்ஸ் போடுங்கள். பழைய ஸ்கேனர்களில் பெரும்பாலானவற்றை அதுவே கண்டுகொள்ளும்.

மின்பொறி:
பெங்குவின், அவர் கேட்டது அதுவா? பல் வலி என்று வந்தவருக்குத் தாடையை மாற்றச் சொல்கிறீர்கள். அதுவும் இருக்கட்டும், உங்கள் லினக்ஸ் உலகமே 32 பிட்டைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. உபுண்டு 17.10இலேயே 32 பிட் டெஸ்க்டாப் நிறுவல் கோப்பை நிறுத்தியது. குரோம் 2016இல் 32 பிட் லினக்ஸை விட்டது. டெபியன்கூட 13ஆம் பதிப்பில் 32 பிட் நிறுவியை எடுத்துவிட்டது.

பெங்குவின்:
நான் 64 பிட் லினக்ஸைத்தான் சொன்னேன். படிக்காமல் பதில் எழுதுவது உங்களுக்குப் பழக்கம்.

பழநிரல்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எல்லோரும் ரேம், ரேம் என்கிறீர்கள். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடாது என்பதை யாரும் சொல்லவில்லையே? நான் இன்றும் பழைய 16 பிட் கணக்கு மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அதற்காகவே 32 பிட்டில் இருக்கிறேன். "எல்லோரும் மாறுங்கள்" என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மின்பொறி:
பழைய டாஸ் நிரல்களை ஓட்ட டாஸ்பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பழநிரல்.

பழநிரல்:
என்னுடையது டாஸ் நிரல் அல்ல, விண்டோஸ் 3.1க்கு எழுதியது. பிரிண்டருக்கு நேரடியாக அனுப்புகிறது. டாஸ்பாக்ஸுக்குள் விண்டோஸ் 3.1ஐ நிறுவி, அதற்குள் பிரிண்டரைக் கொண்டுவந்து, இதெல்லாம் யார் செய்வது? கேட்பவரை மட்டம் தட்டுவதுபோல ஒரு வரியில் பதில் எழுதாதீர்கள்.

சுற்றுப்பலகை:
கயலின் கேள்விக்கு நானே சொல்கிறேன், மற்றவர்களுக்குச் சண்டைதான் முக்கியம்போல. ஸ்கேனருக்கு 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 32 பிட் டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏற்காது. கெர்னல் டிரைவராக இருந்தால் டிஜிட்டல் கையொப்பமும் கேட்கும். சாதாரண 32 பிட் நிரல்கள் அப்படியே ஓடும், பயம் வேண்டாம். உரிமம் புதிதாக வேண்டாம். ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ, அதே பதிப்பாகப் போட்டால் அதே உரிமம் செல்லும்.

ஆனால் 32 மேல் 64ஐ ஏற்ற முடியாது. யூஎஸ்பியிலிருந்து பூட் செய்து புதிதாகத்தான் நிறுவ வேண்டும், நிரல்கள் எல்லாம் போய்விடும். கோப்புகளை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள், எடுத்தது திறக்கிறதா என்றும் பாருங்கள். தொடங்கும் முன் அமைப்புகளில் சிஸ்டம் வகையைப் பாருங்கள். "எக்ஸ்64 அடிப்படையிலான ப்ராசஸர்" என்று, அதாவது 64 பிட்டை ஓட்டக்கூடியது என்று, இருந்தால்தான் இந்தப் பேச்சே.

அப்புறம், மாறிய பிறகு 8 ஜிபியும் தெரியும்போது மின்பொறி சொன்ன கணிதம்தான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். 4 ஜிபியில்கூட 0.75 காணாமல் போனது, கிராபிக்ஸ் கார்டு முதலான சாதனங்களுக்கு 4 ஜிபி எல்லைக்குக் கீழே முகவரி ஒதுக்கியதால். அந்த ரேமை எல்லைக்கு மேலே நகர்த்திக் கொடுக்க மதர்போர்டுகளுக்குத் தெரியும். 32 பிட் வீட்டு விண்டோஸ்தான் அங்கே போய் எடுக்காது.

மின்பொறி:
சரி, நீங்களே சொன்ன தீர்வு என்ன? 64 பிட்டுக்கு மாறு. நான் சொன்ன தீர்வு என்ன? 64 பிட்டுக்கு மாறு. பிறகு எதற்கு இத்தனை பத்தி? விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் பிஏஇ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

சுற்றுப்பலகை:
தீர்வு ஒன்றாக இருப்பதால் காரணம் ஒன்றாகிவிடாது. 64 பிட் கெர்னலும் பிஏஇயின் பக்க அட்டவணை அமைப்பை (நிரலின் முகவரி ரேமில் எங்கே என்று காட்டும் பட்டியல்) நீட்டித்துத்தான் ஓடுகிறது. ஏஎம்டி 2003இல் ஆப்டெரான் ப்ராசஸரோடு கொண்டுவந்த 64 பிட் வடிவம் அதன் மேல் கட்டியது. அருங்காட்சியகம் என்கிறீர்கள், உங்கள் கணினிக்குள் இப்போது ஓடுவது அதன் வாரிசு.

பழநிரல்:
16 பிட் பற்றி இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பெங்குவின்:
லினக்ஸில் 64 பிட்டிலும், விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன் என்ற மென்பொருள் மூலம் 16 பிட் விண்டோஸ் நிரல்கள் பல ஓடுகின்றன, பழநிரல். மின்பொறிக்கு இது தெரிந்திருக்காது.

மின்பொறி:
எனக்குத் தெரியாது என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்?

கயல்:
ஸ்கேனர் நிறுவனத்தின் பக்கத்தில் 64 பிட் டிரைவர் இருக்கிறது, பார்த்துவிட்டேன். கோப்புகளை நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். ப்ராசஸரும் எக்ஸ்64 என்றே காட்டுகிறது.

சுற்றுப்பலகை:
நல்லது கயல். மின்பொறி, இன்னும் ஒரே ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. சர்வர் 2003 எண்டர்பிரைஸ் 32 பிட் 4 ஜிபியைத் தாண்டியதா, இல்லையா?

மின்பொறி:
கயலின் கணினி தாண்டியதா, இல்லையா?

சுற்றுப்பலகை:
நான் கேட்டது அது அல்ல. "எந்த 32 பிட் இயங்குதளமும்" என்று எழுதினீர்கள். அந்த வரியை இன்றுவரை திருத்தவில்லை. புதிதாக வருபவர்கள் அதைத்தான் படிப்பார்கள்.

மின்பொறி:
படிக்கட்டும். திருத்தப் போவதில்லை.